குடல்புழுவுக்கு மூலிகை கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

மூலிகை பழக என்னிடம் வரும் இளையவர்கள் பூச்சிக்குச் சொல்லும் வைத்தியத்தைக் கேட்டால், 20 வருடம் முன்பு நான் பேசியதையே மறுபடி கேட்கிறேன். கைகழுவு, செருப்புப் போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

ஆடுதின்னாப்பாளை

"புழு விழுகிறதே, அப்புறம் என்ன?" என்று யாராவது கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. அது நானே சொன்ன வார்த்தை. அக்கா மகனுக்கு அப்போது ஏழு வயது. கரிசல் வரப்பில் இந்த இலையைப் பறித்து அரைத்து மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள் நாக்குப்பூச்சி விழுந்தது. கைராசிக்காரன் என்று அக்கா தெருவெல்லாம் சொன்னாள்.

ஆடுகூட வாய் வைக்காத செடி அது. அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில், உடல் இளைக்கக் கொடுத்த மருந்தில் இதே இனத்துச் சீன மூலிகை தவறிச் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலிக்காது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பையனுக்கு இப்போது 27. வருடம் ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க நானே கூட்டிப்போகிறேன். இதுவரை சரியாக இருக்கிறது. இந்த இலையைக் கையில் எடுக்காதீர்கள்.

கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய்

ஒரு சங்குகூட வேண்டாம். வலிப்பு வந்து இறந்த குழந்தைகள் உண்டு.

மண்புழுவை நம்புவது

"ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள்" என்று காட்டும் கட்டுரைகளில் பல, மண்புழுவை இலைச்சாற்றில் போட்டு எத்தனை நிமிடத்தில் அசைவு நிற்கிறது என்று பார்த்தவை. குழந்தையின் குடல் கண்ணாடித் தட்டு அல்ல. பப்பாளி விதைக்கு மட்டும் கொஞ்சம் வலு உண்டு: 2007இல் வெளியான நைஜீரிய ஆய்வில், விதைப்பொடியைத் தேனில் கலந்து கொடுத்த 30 குழந்தைகளில் 23 பேருக்கு ஏழு நாளில் மலத்தில் ஒட்டுண்ணி இல்லாமல் போனது. வெறும் தேன் குடித்தவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. நல்ல செய்திதான், ஆனால் சின்ன ஆய்வு.

கீரிப்பூச்சிக்கு ஒரே வேளை

ராத்திரி ஆசனவாயில் அரிப்பு என்றால் பெரும்பாலும் இதுதான். டாக்டர் எழுதிக்கொடுக்கும் அல்பெண்டசோல் புழுவைக் கொல்லும், முட்டையை நம்பத்தகுந்தபடி கொல்லாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை வேண்டும், வீட்டில் எல்லோருக்கும். மருந்து கொடுக்கும் அன்று காலையிலேயே குழந்தையின் நகத்தை வெட்டி, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவையுங்கள்.