பழைய கம்ப்யூட்டரில் எடிட்டிங்: எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

டைம்லைன் திக்கித் திணறியதும் கிராபிக்ஸ் கார்டு விலை விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். வீடியோவை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100-இலேயே நின்றால் ஹார்டு டிஸ்க்தான் இழுக்கிறது. சிபியூ மட்டும் உச்சத்தில் இருந்தால் பெரும்பாலும் கோப்பின் கோடெக் (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை) கனம். அதைத் தீர்க்கப் பைசா செலவில்லை.

ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். அதற்குப் பதிலாகப் போடும் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) 500-ஐத் தொடும். எம்.2 ஸ்லாட் இருக்கிறதே என்று அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குமுன் போர்டு மேனுவலைப் பாருங்கள். பழைய போர்டுகள் சிலவற்றில் அந்த ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். ரேம் 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே வகையில் இன்னொரு 8 சேருங்கள். இரட்டைச் சேனலில் ஓடுவதால் ரேமைப் பங்குபோடும் உள்ளமை கிராபிக்ஸுக்கும் வேகம் கூடும். டிடிஆர்3, டிடிஆர்4 ரேம் வகைகள் இரண்டுக்கும் குச்சியின் விளிம்பிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருக முடியாது.

இப்போது கோடெக். பல போன்கள் எச்இவிசி (எச்.265) என்ற கோடெக்கில் பதிகின்றன. இன்டெல் உள்ளமை கிராபிக்ஸில் 10 பிட் எச்இவிசியை வன்பொருளிலேயே முழுதாகப் பிரிக்கும் வசதி 7-ஆம் தலைமுறையில்தான் வந்தது. பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள சிப்பில் உள்ளமை கிராபிக்ஸே கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டும் இதைப் பிரிக்காவிட்டால் ப்ராக்ஸிதான் (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல்) வழி. டாவின்சி ரிசால்வில் மீடியா பூலில் கிளிப்களைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் 'ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா' கொடுங்கள். ப்ராக்ஸிக்கான கோடெக்காக டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி போதும். 1080பி-யில் ஒரு மணி நேரத்துக்கு 15 ஜிபிக்கு மேல் பிடிக்கும், இடத்தை முன்பே ஒதுக்குங்கள்.

படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், ஒலி கெட்டால் நகர்ந்துவிடுவார். அதிகம் வரும் புகார், உதடும் குரலும் ஒட்டாமல் போவது. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகல் என்றால் ஆடியோவை நகர்த்தினால் முடிந்தது. போகப் போக விலகல் கூடினால், கோப்பை மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து 'ஃபிரேம் ரேட் மோட்' பாருங்கள். 'வேரியபிள்' (வினாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பது) என்று காட்டினால், எடிட்டிங் தொடங்குமுன்பே ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்து மாற்றுங்கள். வெட்டி முடித்தபின் மாற்றினால் இரட்டை வேலை. விலகலோடு குரலின் சுருதியும் மாறியிருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 48 என்று மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ரெக்கார்டரை எப்போதும் 48-இல் வையுங்கள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து வரும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் சார்ஜர் அல்லது எர்த்திங் கோளாறு, பேட்டரியில் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே பதிந்ததில் 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் வடிகட்டி) மட்டும் போதாது, 100, 150 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகள் இருக்கும். ஈக்வலைசரில் அந்த இடங்களை மட்டும் ஒடுக்கமாகக் குறையுங்கள். மின்விசிறி இரைச்சலுக்கு ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்ஷனில் 6 முதல் 12 டெசிபல் வரை போதும். அதற்கு மேல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். உச்சத்தில் வெட்டுப்பட்டுச் சிதைந்த ஒலியை முழுதாக மீட்க வழியில்லை, ஆகவே பதியும்போதே உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள்.

குரல் ஒரு காதில் மட்டும் வந்தால் கிளிப்பை மோனோவாக்குங்கள். இன்னொன்று இதைவிட ஏமாற்றும்: ஹெட்போனில் குரல் கேட்கும், ஒற்றை ஸ்பீக்கர் போனில் காணாமல் போகும். எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் இணைப்பு) மைக்கைத் தவறான கேபிளில் கேமராவின் ஸ்டீரியோ துளையில் செருகினால் இடமும் வலமும் எதிரெதிராகப் பதிந்து, சேரும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டில் ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்லோடு செய்யுமுன் ஆண்ட்ராய்டின் அக்ஸஸிபிலிட்டியில் 'மோனோ ஆடியோ'வை இயக்கி ஒருமுறை கேட்டால் இது உடனே தெரிந்துவிடும்.