எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு எடை வரவில்லையா?

எடை காட்டும் இண்டிகேட்டர் கருவியில் எண் தெரிகிறது, பில் போடும் கம்ப்யூட்டரில் மட்டும் பூஜ்ஜியம். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். அந்த அவசரத்தில், இண்டிகேட்டரின் சீரியல் கேபிளை நெட்வொர்க்கோடு இணைக்கும் சீரியல் சர்வர் பெட்டியை ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள். செட்டிங் எல்லாம் போய் ஃபேக்டரி ஐபிக்குத் திரும்பிவிடும்; மோக்ஸா நிறுவனத்தின் என்போர்ட் பெட்டியில் அது 192.168.127.254. வேலை இரட்டிப்பாகும்.

முதலில் பிங்: பெட்டியின் ஐபி பதில் தருகிறதா என்று கம்ப்யூட்டரிலிருந்து பாருங்கள். பதில் வந்தாலும் நம்பாதீர்கள். பெட்டியின் நெட்வொர்க் கேபிளை உருவி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி பிங் அடியுங்கள். இப்போதும் பதில் வந்தால் அதே ஐபியில் வேறு எதுவோ உட்கார்ந்திருக்கிறது. நான் முதலில் தேடுவது புதிதாக மாட்டிய கேமராவை. முதல் பிங்குக்கே பதில் இல்லையென்றால் லிங்க் விளக்கு, பவர் அடாப்டர், ஐபி செட்டிங்கில் உள்ள சப்நெட் மாஸ்க் மூன்றையும் பாருங்கள்.

அடுத்து, பெட்டி டிசிபி சர்வர் மோடில் (கம்ப்யூட்டர் வந்து இணையும்வரை பெட்டி காத்திருக்கும் முறை) இருந்தால், புட்டி (PuTTY) என்ற இலவச மென்பொருளில் 'ரா' (Raw) இணைப்பாக என்போர்ட்டின் 4001 போர்ட்டைத் திறங்கள். தொடர்ந்து அனுப்பும் இண்டிகேட்டர் என்றால் எண்கள் ஓட வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டால், கரண்ட் போய் அணைந்த கம்ப்யூட்டரின் பழைய இணைப்பைப் பெட்டி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம். பல பெட்டிகளில் ஒரு போர்ட்டுக்கு ஒரே இணைப்புதான். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பெட்டி சோதிக்கும் நேரமான டிசிபி அலைவ் செக்கை 1 நிமிடமாகக் குறையுங்கள். 0 வைத்தால் சோதனையே நடக்காது. பெட்டியைக் கம்ப்யூட்டரின் சொந்த காம் போர்ட் போலக் காட்டும் மோக்ஸாவின் ரியல் காம் டிரைவர் என்றால் ஃபயர்வாலில் 950, 966 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும்.

எண்களுக்கு நடுவே கிறுக்கலா? இண்டிகேட்டரிலும் பெட்டியிலும் சீரியல் வேகம் (பாட் ரேட்) 9600 என்று பொருந்தினாலும், ஒரு பக்கம் 7 பிட், பாரிட்டி ஈவன் (Even), மறுபக்கம் 8 பிட், பாரிட்டி நன் (None) என்றிருந்தால் சில எழுத்துகள் மட்டும் கோணலாகும். எதுவுமே வராவிட்டால் சீரியல் கேபிளில் 2, 3 பின்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பாருங்கள்.