வீட்டில் தனியாகத் தையல் தொழில்: நேரத்தை எண்ணி நாள் சொல்வது எப்படி?

"வெள்ளிக்கிழமைக்குக் கிடைச்சிடுமா அக்கா?" என்று வாசலில் நின்று ஒருவர் கேட்கும்போது, வீட்டில் தனியாகத் தைப்பவர் பெரும்பாலும் "பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறார். சொல்பவருக்கு அது உறுதி தராத பதில். கேட்பவருக்கோ அது சம்மதம். வியாழக்கிழமை இரவு பதினோரு மணிக்கு மெஷின் முன் உட்கார்ந்திருப்பதற்கும், ஒரு கட்டத்தில் இந்தத் தொழிலே வேண்டாம் என்று சலித்துப்போவதற்கும் அந்த ஒரு சொல்லே தொடக்கமாக அமைவதை என் அனுபவத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கத் தொடங்கியிருப்பவர்கள் முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ள வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். மனம் தளராமல் இருப்பதற்கான வழிகளைக் கடைசியில்தான் சொல்லியிருக்கிறேன். எண்ணாமல் கொடுத்த வாக்கு கழுத்தை நெரிக்கும்போது எந்த ஊக்கமும் நிலைக்காது.

படி 1: ஒரு பிளவுஸுக்கு எத்தனை நிமிடம் என்று எழுதிப் பாருங்கள்

"ஒரு பிளவுஸா, ஒரு மணி நேரம் போதும்" என்று நாம் நினைப்பது மெஷின் ஓடும் நேரத்தை மட்டும் மனத்தில் வைத்துத்தான். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுவது, அளவு பிளவுஸைப் பார்த்துக் குறிப்பது, வெட்டுவது, பிறகு ஹெம்மிங், ஹூக் என்று மற்ற வேலைகள் கணக்கில் வருவதே இல்லை. ஒரு வாரம் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நான் முதன்முறையாக அப்படி எழுதியபோது, சாதாரண லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு இஸ்திரியும் தயாரிப்பும் 15 நிமிடம், வெட்டுவது 25 நிமிடம், மெஷினில் தைப்பது 70 நிமிடம், கைவேலை 30 நிமிடம் என்று மொத்தம் 140 நிமிடம் வந்தது. புதிதாகத் தைக்கத் தொடங்கியவருக்கு இது இன்னும் கூடுதலாக இருக்கும். அதற்காக வருந்தத் தேவையில்லை. உண்மையான எண் கையில் இருப்பதுதான் முக்கியம். பைப்பிங், பின்கழுத்து டிசைன், பானைக் கழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் கூடுகிறது என்பதையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் கூலி நிர்ணயிக்கவும் இந்த நோட்டே உதவும்.

படி 2: வேலையை மூன்றாகப் பிரித்து, உரிய நேரத்தில் வையுங்கள்

வீட்டில் நேரம் கடையில் இருப்பதைப்போல ஒரே நீளமாகக் கிடைப்பதில்லை. குக்கர் விசில், பள்ளி வேன், தண்ணீர் வரும் நேரம், உறவினர் வருகை என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஆகவே எந்த வேலையை எந்தத் துண்டில் வைப்பது என்பதுதான் நம் நேர நிர்வாகத்தின் பெரும்பகுதி.

வெட்டுவதற்கு யாரும் குறுக்கிடாத நேரம் வேண்டும். தையலில் தவறினால் பிரித்துத் தைத்துவிடலாம், வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. ஒருமுறை பட்டுச் சேலையோடு வந்த பிளவுஸ் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். கரை கையின் ஓரத்தில் வரவேண்டும் என்பதால் கைகளைத் தனித்தனியாக வெட்ட வேண்டியிருந்தது. ஒரு கையை வெட்டி முடித்தபோது கேஸ் சிலிண்டர் வந்து அழைப்பு மணி அடித்தது. பணம் கொடுத்து, சிலிண்டரை உள்ளே வைக்கச் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தவள், துணியைத் திருப்பிப் போட மறந்து அடுத்த கையையும் அதே பக்கமாக வெட்டிவிட்டேன். கைக்குழியின் முன்வளைவு இரண்டிலும் ஒரே பக்கம் விழுந்திருந்தது, இரண்டும் வலக்கை. சேலையோடு வரும் துணி சுமார் 80 சென்டிமீட்டர்தான் என்பதால் மிச்சம் எதுவும் இல்லை. கரையை மட்டும் தனியாக வெட்டியெடுத்து, நிறம் பொருந்தும் வேறு பட்டுத் துணியில் கைகளை வெட்டி, அந்தக் கரையை அதன்மேல் வைத்துத் தைத்தேன். சேலைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, கூலி வாங்காமல் கொடுத்தேன். அன்றிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, காலை 9.30 முதல் 10.30 வரை மட்டுமே வெட்டுகிறேன். கைப்பேசி வேறு அறையில் இருக்கும். பகல் வெளிச்சம் இருப்பதால் துணிக்குப் பொருந்தும் நூலையும் அப்போதே எடுத்து, வெட்டிய துண்டுகளோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுவேன்; குழல்விளக்கில் பொருந்துவதுபோலத் தெரியும் நூல், வெயிலில் பார்த்தால் வேறு நிறமாக இருக்கும்.

மெஷினில் தைப்பதற்குத் தொடர்ச்சியான நேரம் வேண்டும், ஆனால் இடையில் எழுந்தாலும் பெரிய நட்டமில்லை. ஒரே நிற நூல் வேண்டியிருக்கும் பிளவுஸ்களை அடுத்தடுத்து வைத்துத் தையுங்கள். மேல்நூலையும் கீழ்நூல் சுற்றிய பாபினையும் ஒவ்வொரு முறையும் மாற்றும் நேரம் மிச்சமாகும். மூன்று பிளவுஸ்களின் கைகளை முதலில், மூன்றின் முன்பாகங்களை அடுத்து என்று ஒரே வகை வேலையைத் தொடர்ந்து செய்வதும் பலன் தரும். ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்து, முதுகை நிமிர்த்திவிட்டு உட்காருங்கள்.

ஹெம்மிங், ஹூக் வைப்பது, சேலை ஃபால்ஸ், பிசிறு நூல் வெட்டுவது ஆகியவை துண்டு நேரத்துக்கு உரியவை. இவற்றை மெஷின் நேரத்தில் செய்யவே கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பிளவுஸ்களுக்கு ஹூக் வைத்துவிடலாம். பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கைவேலையை அந்த நாளுக்குச் சேர்த்து வைப்பதும் உண்டு.

படி 3: வாரத்துக்கு எத்தனை என்று முடிவு செய்யுங்கள்

கைவேலையைத் துண்டு நேரத்துக்குத் தள்ளிவிட்டால், என் கணக்கில் ஒரு பிளவுஸுக்கு மேசையிலும் மெஷினிலும் ஆகும் நேரம் 110 நிமிடம். வீட்டு வேலை போக எனக்கு உறுதியாகக் கிடைப்பது நாளுக்கு மூன்று மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 15 மணி நேரம், அதாவது 900 நிமிடம். இதை 110ஆல் வகுத்தால் எட்டு பிளவுஸ் வருகிறது. நான் ஏற்றுக்கொள்வது ஏழு மட்டுமே. எட்டாவது இடம் காய்ச்சலுக்கும், விருந்தாளிக்கும், அறுந்துபோகும் பெல்ட்டுக்கும் உரியது. ஆறாவது நாளில் புதிய வேலை எதுவும் தொடங்குவதில்லை. கொடுத்த பிளவுஸ் "கை கொஞ்சம் பிடிக்குது" என்று திரும்பி வந்தால் சரிசெய்வது, நூலும் லைனிங்கும் வாங்கி வருவது, மெஷினுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அன்றுதான். இந்த ஒரு நாளை ஒதுக்காதவரின் திட்டம், திரும்பி வரும் முதல் பிளவுஸிலேயே குலைந்துவிடும்.

படி 4: "பார்க்கலாம்" என்பதற்குப் பதிலாகத் தேதி சொல்லுங்கள்

நீள நோட்டு ஒன்றில் வாரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு கோடுகள் மட்டும் போடுங்கள். துணி கையில் வந்ததும் வரிசை எண், பெயர், கொடுக்க வேண்டிய தேதி மூன்றையும் அடுத்துக் காலியாக இருக்கும் கோட்டில் எழுதி, அதே எண்ணை ஒரு சீட்டில் எழுதித் துணியோடு குத்திவிடுங்கள். கோடு நிறைந்துவிட்டால் அந்த வாரம் முடிந்தது. "இந்த வாரம் நிறைஞ்சிருச்சு அக்கா, வர்ற புதன்கிழமை சாயங்காலம் கண்டிப்பா தந்திடறேன்" என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லும்போது யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவசரம் என்பவருக்கு எட்டாவது இடத்தைக் கூடுதல் கூலிக்குக் கொடுக்கலாம், ஆனால் வாரத்துக்கு ஒருவருக்கு மட்டும். உறவினர்களுக்கும் இதே நோட்டுத்தான். அத்தைக்குக் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம், வரிசையை மாற்றக் கூடாது.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் போகும்படி அமைக்கலாம். கூலி விவரத்தை, ஒரே தட்டலில் அனுப்பும் விரைவுப் பதிலாகச் சேமித்தும் வைக்கலாம். செய்திகளை நாளுக்கு இரண்டு முறை மட்டும் பார்க்கிறேன்.

படி 5: வீட்டாருக்கு வேலை நேரம் தெரியட்டும்

வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பவர் என்ற எண்ணத்தை வாதாடி மாற்றுவது கடினம். மெஷின் அறைக் கதவில் நேரத்தை எழுதி ஒட்டி, அந்த நேரத்தை நாமே முதலில் மதித்தால் ஓரிரு மாதத்தில் மற்றவர்களும் மதிக்கத் தொடங்குவார்கள்.

படி 6: ஆண்டின் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே குறியுங்கள்

இந்தத் தொழிலில் எல்லா மாதமும் ஒன்றல்ல. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லாததால் முகூர்த்த பிளவுஸ்கள் வருவதில்லை. ஆவணியும் தையும் பிறந்ததும் ஒரே நேரத்தில் வந்து குவியும். தனியாகத் தொழில் செய்பவர் மனமுடைந்து போவது பெரும்பாலும் வேலை குறைந்த மாதங்களில்தான். "நம்மை விட்டுவிட்டு வேறு கடைக்குப் போகிறார்களோ" என்ற கவலை வந்துவிடுகிறது. நாட்காட்டியில் அந்த மாதங்களை முன்பே வட்டமிட்டு, மெஷினைச் சர்வீஸ் செய்ய, ஆரி வேலை கற்றுக்கொள்ள, புதிய கழுத்து டிசைன்களைப் பழைய துணியில் தைத்துப் பார்க்க என்று வேலை எழுதி வைத்துவிட்டால், அதே மாதம் பயிற்சி மாதமாகிவிடும். தீபாவளிக்கோ எதிர்த்திசைக் கணக்கு வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரத்தைத் திருத்தங்களுக்கு விட்டுவிட்டு, அங்கிருந்து வாரத்துக்கு ஏழு என்று பின்னோக்கி எண்ணி வாருங்கள். நோட்டில் கோடுகள் நிறைந்த அன்றே வாசலில் "தீபாவளி ஆர்டர் முடிந்தது" என்று அட்டை தொங்கவிடுங்கள். முதல் ஆண்டில் அந்த அட்டையைத் தொங்கவிட மனம் வராது. ஆனால் பண்டிகையன்று புதுத்துணி கிடைக்காத வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். முன்கூட்டியே மறுக்கப்பட்டவர் பொங்கலுக்கு வருவார்.

படி 7: உழைப்பு கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள்

வரும் காசெல்லாம் மளிகைக்கும் பால் கணக்குக்கும் போய்விட்டால், மாதக் கடைசியில் எதற்காகத் தைத்தோம் என்ற சலிப்பு வருகிறது. சனிக்கிழமைதோறும் அந்த வாரக் கூலியை எண்ணி, நூல், லைனிங் செலவு நீக்கி, ஒரு பகுதியை உங்கள் சம்பளம் என்று தனியாக எடுத்து வையுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், ஐந்தாண்டுத் திட்டம். பாஸ்புத்தகத்தில் மாதாமாதம் ஏறும் வரி, ஆறுதல் சொல்ல யாரும் இல்லாத வீட்டில் பெரிய துணை. தைத்து முடித்த ஒவ்வொரு பிளவுஸையும் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். முதல் மாதப் படத்தையும் ஆறாம் மாதப் படத்தையும் அருகருகே பார்த்தால் கழுத்து வளைவின் சுத்தமே வளர்ச்சியைச் சொல்லிவிடும். வேறு ஊரில் தைக்கும் ஒரு தோழியோடு மாலை நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் பேசி, "இன்று எத்தனை முடித்தாய்" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை நான் பல ஆண்டுகளாகச் செய்கிறேன். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருப்பதாலேயே மூன்று மணிக்கு வரும் சோர்வைக் கடந்துவிட முடிகிறது.

காலையில் மெஷினில் உட்காரவே பிடிக்காத நாட்கள் எல்லோருக்கும் உண்டு. அதற்கான வேலையை முந்தைய இரவே செய்ய வேண்டும். படுக்கப்போகுமுன் நாளைய பிளவுஸின் நிறத்தில் மேல்நூலைக் கோத்து, பாபினைச் சுற்றிப் பொருத்தி, முதலில் தைக்க வேண்டிய இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஊசிக்கு அடியில் வைத்து அழுத்துகாலை இறக்கிவிடுங்கள். காலையில் சுவிட்சைப் போட்டு மிதித்தால் போதும்.