கேபின் க்ரூ பெட்டி: தேய்ந்த சக்கரத்தை மாற்றிய விதம்

கேபின் க்ரூ, அதாவது விமானப் பணியாளர்கள், இழுத்துச் செல்லும் பெட்டியில் முதலில் பழுதாவது சக்கரம்தான். ஐரோப்பிய ஊர்களின் கல் பாவிய தெரு ரப்பரைத் தின்றுவிடும். கம்பள நூலும் தலைமுடியும் அச்சில் சுற்றிப் பேரிங்கை இறுக்கிவிடும். பல பெட்டிகளுக்கு இந்த முடிதான் வியாதி. முதலில் சின்னக் கத்தரியால் அதை வெட்டி எடுத்துப் பாருங்கள்.

அப்படியும் ஆடினால் மாற்ற வேண்டியதுதான். என் பெட்டியில் ரிவெட் (முனையை அடித்து நசுக்கிய ஆணி) அடித்த அச்சு, கழலாது. சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் கூட்டுக்கும் நடுவே ஹாக்ஸா (இரும்பு அறுக்கும் ரம்பம்) பிளேடை நுழைத்து அச்சை அறுத்தேன். தேய்ந்த சக்கரத்தை மட்டும் அளந்தால் விட்டம் குறைவாகக் காட்டும். கூட்டின் இடைவெளியையும் அச்சின் தடிமனையும் வெர்னியரில் (நுண்ணிய அளவுகோலில்) அளப்பது நல்லது. பொருந்தியது 608 என்ற அளவுப் பேரிங் போட்ட ஸ்கேட் சக்கரம். அதன் துளை 8 மி.மீ., நான் புது அச்சாகப் போட்ட போல்ட் 6 மி.மீ., அதனால் நடுவே இடைவெளியை நிரப்ப ஒரு ஸ்லீவ் (சிறு குழாய்). இரு பக்கமும் வாஷர் போடாவிட்டால் சக்கரம் கூட்டில் உரசிக் கத்தும். போல்ட் அதிர்வில் கழலும், எனவே த்ரெட்லாக்கர் (மரையைக் கழலாமல் பிடிக்கும் பசை) ஒரே ஒரு சொட்டு. எண்ணெய் வேண்டாம், தூசியைச் சேர்க்கும்.

இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும். பிளேடை மட்டும் பெட்டிக்குள் மறந்துவிடாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.