ஜாயிண்டரில் புது பிளேடுகளை மட்டம் பிடித்த முறை

ஜாயிண்டர் என்பது சுழலும் பிளேடுகளால் பலகையைச் சீவி மட்டமாக்கும் மின் இயந்திரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். பிளேடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் கட்டர் தலையைக் காலியாக்கிவிட்டு ஒரே பக்கமாக முடுக்கினால் தலை வளையக்கூடும். பிளேடு உட்காரும் பள்ளத்தில் இறுகிய பிசினையும் தூளையும் தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். ஒரு துகள் இருந்தாலும் பிளேடு சரியாக உட்காராது.

பிளேடு உயரத்துக்கு அளவு, சீவிய பலகை வெளியேறும் பக்கத்து அவுட்ஃபீட் மேசைதான்; பலகையை உள்ளே தள்ளும் பக்கத்து இன்ஃபீட் அல்ல. நேரான மரச்சட்டத்தை அவுட்ஃபீட் மேசையில் கிடத்தி, முனை கட்டர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, மேசை விளிம்பு வரும் இடத்தில் பென்சில் கோடு போட்டேன். தலையைக் கையால் மெல்லச் சுற்றினால் பிளேடு சட்டத்தைக் கவ்விச் சற்று நகர்த்தும். 60 மி.மீ. விட்டத் தலையில் 3 மி.மீ. நகர்ந்தால் பிளேடு மேசையைவிட சுமார் 0.04 மி.மீ. உயரம், 6 மி.மீ. நகர்ந்தால் 0.15 மி.மீ. இழுவை இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு. மிகச் சிறிய உயரமும் கண்ணுக்குத் தெரியும் நகர்வாகிவிடுவதால், நுண்ணிய உயரம் அளக்கும் டயல் கேஜ் இல்லாமலே இந்த முறை நம்பகமானது. இரு ஓரம், நடு, எல்லா பிளேடுகளிலும் நகர்வை 3 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன்.

தொல்லை முடுக்கும்போதுதான். பிளேடைப் பள்ளத்தில் அழுத்திப் பிடிக்கும் பட்டையின் போல்ட்டை ஒரேயடியாக இறுக்கினால் பிளேடு மேலே ஏறிவிடும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மூன்று சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததில் பலகையின் கடைசி முனையில் குழி விழுந்தால் அவுட்ஃபீட் மேசை தாழ்ந்திருக்கிறது. பலகை மேசை விளிம்பில் முட்டினால் உயர்ந்திருக்கிறது. பிளேடைத் தொடாமல் மேசையை மட்டும் திருத்தினால் போதும்.