இடுக்கில் செம்புப் பைப் இணைப்பது எப்படி? ஏற்காட்டு வீட்டு வெந்நீர் லைனுக்கு ஒரு செய்முறை

மார்கழியில் ஏற்காட்டுக்காரருக்கு வெந்நீர் லைன் ஒழுகினால் அன்றைய பொழுதே கெட்டுவிடும். ஒழுகும் இடமும் பெரும்பாலும் கை நுழையாத மூலையாகத்தான் இருக்கும். அங்கே எத்தனை ஜாயின்ட் குறைவாகப் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. எல்போ (வளைவுத் துண்டு), டீ (மூன்று வழித் துண்டு) போன்ற ஃபிட்டிங் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தே பற்றவைத்து, இடுக்கில் ஒன்றிரண்டு ஜாயின்ட்டை மட்டும் மிச்சம் வையுங்கள்.

வாங்கும்போது

பிளம்பிங் செம்புப் பைப் வெளிவிட்டக் கணக்கில் 15, 22, 28 மி.மீ. என வரும். சேலத்து ஏ.சி. உதிரிபாகக் கடைகளில் இருப்பது அங்குலக் கணக்கு. அங்கே 5/8 அங்குலம் என்பது 15.88 மி.மீ.; 15 மி.மீ. எல்போவுக்குள் போகாது. 1/2 அங்குலம் 12.7 மி.மீ.; உள்ளே லொடலொடவென்று ஆடும். சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் கம்பி) தானாக இழுத்துக்கொண்டு ஓட, பைப்புக்கும் ஃபிட்டிங்குக்கும் இடையே ஏறக்குறைய 0.1 மி.மீ. இடைவெளிதான் இருக்க வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள்.

சால்டர் ஈயம் இல்லாத வெள்ளீய-செம்புக் கம்பியாக இருக்கட்டும். சுமார் 230 டிகிரியில் உருகும். ரேடியோ ரிப்பேருக்கு விற்கும் 60/40 கம்பியில் ஈயம் உண்டு, வீட்டுத் தண்ணீருக்கு ஆகாது. உள்ளேயே சால்டர் வளையம் வைத்து வரும் ஃபிட்டிங் கிடைத்தால் விடாதீர்கள். பின்பக்கம் கம்பி நீட்டும் அவஸ்தை மிச்சம்.

செய்முறை

1. மெயின் வால்வை மூடி, லைனில் ஆகக் கீழே உள்ள குழாயைத் திறந்து, தண்ணீரை முழுக்க வடியுங்கள். மேலே ஒரு குழாயும் திறந்திருக்கட்டும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் ஜாயின்ட் 100 டிகிரியைத் தாண்டாது, சால்டர் உருகாது. சொட்டு நிற்கவே இல்லையா? பிரெட்டின் வெள்ளைப் பகுதியை உருட்டிப் பைப்புக்குள் தள்ளுங்கள். வேலை முடியும்வரை தாங்கும், பிறகு கரைந்து வந்துவிடும்.

2. இடுக்கில் ஆக்ஸா பிளேடு வேண்டாம். பைப்பைச் சுற்றி மாட்டித் திருகும் சின்ன கட்டரே போதும். வெட்டிய வாயின் உட்பிசிறை அரத்தால் எடுங்கள்.

3. பைப்பின் வெளியையும் ஃபிட்டிங்கின் உள்ளையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேயுங்கள். பின்பக்கம் தெரியாவிட்டால், உப்புத்தாளை நீளமாகக் கிழித்துப் பைப்பைச் சுற்றிப் போட்டு இரு நுனியையும் மாறி மாறி இழுங்கள். தேய்த்த இடத்தை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப்பசை ஒட்டினால் அங்கே சால்டர் பிடிக்காது.

4. பைப்பின்மேல் மட்டும் ஃப்ளக்ஸை (சால்டர் பிடிக்க உதவும் பசை) மெல்லியதாகப் பூசி, முட்டும்வரை செருகுங்கள். எவ்வளவு நுழைய வேண்டும் என்பதை முன்பே மார்க்கரால் குறித்துக்கொண்டால் சந்தேகம் வராது.

5. பழைய எஸ்டேட் பங்களாக்களில் பைப்புக்குப் பின்னால் மரம் இருக்கும். நெருப்புத் தாங்கும் பாயைத் தொங்கவிடுங்கள். அது இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் தகடு, மரத்தில் ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளி. சேலத்தில் அதற்கா பஞ்சம்? பக்கத்திலேயே வாளித் தண்ணீர் வையுங்கள். வேலை முடிந்து ஒரு மணி நேரம் அங்கேயே கண் இருக்கட்டும். மரம் உள்ளுக்குள் கனன்று பிறகுதான் பற்றும்.

6. டார்ச்சின் தீயை ஃபிட்டிங்கில் காட்டுங்கள், சால்டரில் அல்ல. சில விநாடிக்கு ஒருமுறை தீயை விலக்கி, எதிர்ப்பக்கம் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் உருகி உள்ளே ஓடினால் சூடு சரி. 15 மி.மீ. ஜாயின்ட்டுக்கு ஏறக்குறைய 15 மி.மீ. நீளக் கம்பி, 22-க்கு 22. அதற்குமேல் ஊட்டினால் பைப்புக்குள் கட்டிதட்டும்.

ஃப்ளக்ஸ் கறுத்துவிட்டால் சூடு அதிகமாகிவிட்டது என்று பொருள். அதன்பின் சால்டர் குண்டுமணியாய் உருண்டு விழும், ஒட்டாது. இன்னும் ஊட்டிப் பயனில்லை. கழற்றி, தேய்த்து, புதிதாக ஃப்ளக்ஸ் பூசித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

7. பளபளப்பு மங்கும்வரை அசைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றவும் வேண்டாம். ஆறியதும் ஃப்ளக்ஸை ஈரத்துணியால் துடையுங்கள். விட்டுவைத்தால் பச்சையாய் அரிக்கும். சின்னக் கண்ணாடி ஒன்றைப் பின்னால் பிடித்து, சால்டர் சுற்றிலும் வளையமாக முடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தீயே காட்ட முடியாத இடத்தில்

கம்ப்ரெஷன் ஃபிட்டிங் (பற்றவைக்காமல் நட்டை இறுக்கிப் பொருத்துவது) போடலாம், இரண்டு ஸ்பேனர் திரும்ப இடம் இருந்தால். 15 மி.மீ.க்குக் கையால் இறுக்கிய பின் ஏறக்குறைய ஒரு சுற்று. சுவருக்குள் புதைக்க இது ஆகாது. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்போடு சேர்ப்பதானால் நடுவே பித்தளை நிப்பிள் (சின்ன இணைப்புக் குழாய்) போடுங்கள். நேராகச் சேர்த்தால் ஜி.ஐ. பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழும்.

தண்ணீர் விட்டு, முதலில் பச்சைத் தண்ணீரிலும் பிறகு சூட்டிலும் ஜாயின்ட்டைக் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஒரு நாள் கழித்து இன்சுலேஷன் சுற்றினால் போதும்.