இலங்கை மலையகத்துக்கு வந்து கருமுட்டை எடுக்கப் போறவங்களுக்கு

வெளிநாட்டுல செலவு தாங்காம, இல்ல அம்மா பக்கத்துல இருந்தா தெம்பா இருக்கும்னு ஐவிஎஃப்ப (முட்டைய வெளியில எடுத்து லேப்ல கருவாக்கிற சிகிச்சை) ஊர்ல பண்ண வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, முட்டை வளர ஊசி போடுற நாள்ல அட்டன் பக்கமோ நுவரெலியாவுலயோ சொந்தக்காரங்க வீட்ல தங்காதீங்க. கிளினிக் கண்டியிலன்னா கண்டியிலயே ரூம் எடுங்க. பெரியம்மா கோவிச்சுக்குவாங்க, பரவால்ல.

ஏன்னா ஊசி 8லருந்து 14 நாள் வரைக்கும் போகும், நடுவுல ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஸ்கேன். நுவரெலியாவுலருந்து கண்டி 80 கிலோமீட்டர் கூட இல்லதான், ஆனா றம்பொடை வளைவெல்லாம் இறங்கி வர எப்படியும் ரெண்டரை மூணு மணித்தியாலம், சினைப்பை வீங்கி அடிவயிறு கனத்துக் கிடக்கிறப்போ அந்த ரோட்டுல பஸ்ல வந்து பாருங்க தெரியும். அதவிட முக்கியம், முட்டை முத்துறதுக்காக கடைசியா போடுற ட்ரிகர் ஊசிக்கு அப்புறம் 34லருந்து 36 மணித்தியாலத்துல முட்டைய எடுத்தாகணும், ரொம்பப் பிந்தினா முட்டை தானா வெளியேறிடும். மண்சரிவுல ரோடு மூடினா டாக்டரும் ஒண்ணும் பண்ண ஏலாது, 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்போ ரோடும் ரயில் பாதையும் என்ன கதியாச்சுனு எல்லாரும் பார்த்தோமே. அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் முடிஞ்சா தவிருங்க. ஏப்ரல்ல வருஷப்பிறப்பு லீவு, தலதா மாளிகை பெரஹரா ஊர்வல நாள்ல கண்டி டவுன்ல பின்னேரம் ரோடு மூடுவாங்க, ரூம் வாடகையும் எகிறும், இதெல்லாம் பார்த்து தேதி குறிங்க.

மருந்து கொண்டு வர்றதுன்னா டாக்டர் கடிதத்தோட கைப்பையில, கார்கோவுல போட வேணாம். நிறைய ஊசிமருந்து 2லருந்து 8 டிகிரியில வைக்கணும், சிலத 25 டிகிரிக்குக் கீழ கொஞ்ச நாள் வெளியில வைக்கலாம், எதுன்னு பெட்டியில இருக்கிற தாள்ல பாருங்க. ஐஸ் பெட்டியில உறையவிட்டா போச்சு.

இனி மனசு. ஊருக்கு வந்தாலே "ஏதும் விசேஷமா?"னு கேக்காத ஆள் இல்ல. யாருக்கு சொல்றதுனு புருஷனும் பொஞ்சாதியும் பிளேன் ஏறமுன்ன பேசி முடிவெடுங்க, என் அபிப்பிராயம் ரெண்டு பேருக்கு மேல வேணாம், ஏன்னா பிறகு "எத்தன முட்டை வந்துச்சு"னு ஃபோன் வந்துட்டே இருக்கும். ஸ்கேன்ல சினைப்பைக்குள்ள தெரியிற சின்னச் சின்ன நீர்ப்பை எல்லாத்துலயும் முட்டை இருக்காது, இருக்கிற எல்லாம் முத்தினதா இருக்காது, முத்தினது எல்லாம் கருவாகாது, ஒவ்வொரு படியிலயும் எண்ணிக்கை குறையிறது எல்லாருக்கும் நடக்கிறதுதான். சீதாஎலிய அம்மனுக்கோ மாத்தளை முத்துமாரிக்கோ நேர்த்தி வைக்கிறதுன்னா வைங்க, முடிஞ்ச பிறகு போய் செலுத்தலாம்.

எடுக்கிற அன்னைக்கு மயக்கம் குடுப்பாங்க, வேலை 20 30 நிமிஷம்தான். அதுக்கு முந்தி சொன்ன நேரத்துலருந்து வெறும் வயிறு. நம்ம ஆளுங்க எழும்பினதும் டீய நீட்டுவாங்க, பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். சென்ட், நெயில் பாலிஷ் வேணாம். தாலிய கழட்டச் சொன்னா மாமியார்கிட்ட முதலே சொல்லி வைங்க, தியேட்டர் வாசல்ல அழுகை வேணாம். காலுக்கு சொக்ஸ், தளர்வான கவுன், பக்கத்துல ஒரு ஆள்.

பிறகு கொஞ்சம் இரத்தக்கசிவு, வயித்து இழுப்பு சாதாரணம். இளநீர், ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்பு-சீனிப் பவுடர்), கோழி முட்டை, பருப்பு நல்லா எடுங்க, பாரம் தூக்காதீங்க. ஆனா ஒரு நாள்ல ஒரு கிலோ போல எடை ஏறினா, வயிறு உப்பினா, ஒண்ணுக்கு குறைஞ்சா, மூச்சு வாங்கினா, காய்ச்சல் வந்தா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க, கிளினிக்குக்கு ஃபோன் எடுங்க, இல்லாட்டி 1990 அம்புலன்ஸ், அதுக்கு காசு எடுக்க மாட்டாங்க. சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி வர்ற சிக்கல் ஒரு வாரம் கழிச்சும் வரலாம், இரத்தம் உறையிற ஆபத்தும் கூடும், அதனால ரிட்டர்ன் டிக்கெட் தேதி மாத்தக்கூடியதா எடுங்க, டாக்டர் சரின்னு சொன்ன பிறகு பிளேன் ஏறுங்க.